புதுச்சேரியிலிருந்து பாரிஸ்: வான்தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

சென்னை மீனம்பாக்கத்துக்கும் பாரிஸின் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வான்தூரம் சுமார் 8,020 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் பறக்கும் விமானம் இதை ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால், முத்தியால்பேட்டையிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் ஒரு குடும்பம் பாரிஸில் உறவினர் வீட்டு வாசலை அடைவதற்குள் பெரும்பாலும் ஒரு முழு நாள் கழிந்துவிடுகிறது. எஞ்சிய மணிநேரங்கள் எங்கே செல்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் டிக்கெட் எடுக்கும்போது சரியாக முடிவெடுக்க முடியும். கிலோமீட்டர் கணக்கைப் பெரிதாக நினைத்து, காத்திருப்புக் கணக்கைக் கோட்டைவிடுவதே பலர் செய்யும் தவறு என்பது என் கருத்து.

பாரிஸை உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் இன்றும் வாழ்கின்றன. அவர்களுக்கு இது ஆண்டுதோறும் வந்துபோகும் வழி. இங்கே சொல்லப்படும் முறை உலகின் எந்த இரு விமான நிலையங்களுக்கும் பொருந்தும்.

முதல் படி: புள்ளிகளைச் சரியாகக் குறித்தல்

தூரத்தை நகரத்திலிருந்து நகரத்துக்கு அளப்பதா, விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பாரிஸுக்கு ஷார்ல் தெ கோல் தவிர ஓர்லி என்ற இன்னொரு பெரிய விமான நிலையமும் உண்டு. முன்னது நகரின் வடகிழக்கிலும் பின்னது தெற்கிலும் உள்ளன. ஆகவே ஊர்ப் பெயரை நம்பாமல் டிக்கெட்டில் அச்சிடப்பட்டிருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்ப்பது நல்லது. சென்னைக்கு எம்.ஏ.ஏ., ஷார்ல் தெ கோலுக்கு சி.டி.ஜி., ஓர்லிக்கு ஓ.ஆர்.ஒய்., லாஸ்பேட்டையில் உள்ள நம் புதுச்சேரி விமான நிலையத்துக்கு பி.என்.ஒய். என்பன அந்தக் குறியீடுகள்.

அடுத்து, இரு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். கைப்பேசி வரைபடத்தில் விமான நிலையத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டும் தசம எண்களாகவே கிடைக்கும். சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 பாகை, கிழக்கு 80.17 பாகை, ஷார்ல் தெ கோல் வடக்கு 49.01 பாகை, கிழக்கு 2.55 பாகை. ஊர் தெற்கு அட்சரேகையிலோ மேற்கு தீர்க்கரேகையிலோ இருந்தால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி இட வேண்டும். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்குக் கணக்கிடுபவர்கள் இதை மறந்தால், தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அரபு நாட்டுப் பாலைவனத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

இரண்டாம் படி: தூரத்தைக் கணக்கிடுதல்

உருண்டையான புவியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதை, அவ்விரு புள்ளிகளின் வழியே புவி மையத்தைச் சுற்றி வரையப்படும் பெருவட்டத்தின் ஒரு துண்டாகும். அதன் நீளத்தைக் காண, பள்ளியில் படித்த சைன், கோசைன் ஆகியவையும் அவற்றைத் தரும் ஒரு கணிப்பானும் போதும். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி வருவதை ஓரிடத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இரு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகைகளின் வித்தியாசத்துக்குரிய கோசைனையும் சேர்த்துப் பெருக்கி வருவதை அதனுடன் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எந்தக் கோணத்தின் கோசைனோ, அந்தக் கோணமே புவி மையத்திலிருந்து பார்க்கும்போது இரு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணத் தூரம்.

நம் உதாரணத்தில் 12.99-இன் சைன் 0.2248, 49.01-இன் சைன் 0.7548; பெருக்கினால் 0.1697. கோசைன்கள் முறையே 0.9744, 0.6559. தீர்க்கரேகை வித்தியாசம் 77.62 பாகை, அதன் கோசைன் 0.2144. இம்மூன்றையும் பெருக்கினால் 0.1370. இரண்டையும் கூட்டினால் 0.3067. இதற்குரிய கோணம் 72.14 பாகை. ஒரு பாகை சுமார் 111.2 கிலோமீட்டர் என்பதால், 72.14-ஐ அதனால் பெருக்க 8,020 கிலோமீட்டரை ஒட்டிய விடை கிடைக்கிறது. விமானிகளின் கணக்கில் வேண்டுமென்றால் 1.852-ஆல் வகுக்கலாம், சுமார் 4,330 கடல் மைல் வரும். விடை துளியும் பொருந்தாமல் வந்தால், கணிப்பான் பாகைக்குப் பதிலாக ரேடியன் அலகில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புவி முழு உருண்டை அல்ல, துருவங்களில் சற்றே தட்டையானது. அதனால் இந்த விடைக்கும் துல்லியமான அளவுக்கும் அரை சதவீதத்துக்குள் வேறுபாடு இருக்கலாம். வெவ்வேறு இணையதளங்கள் ஒரே இணைக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் வித்தியாசமாகக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். பயணிக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.

மூன்றாம் படி: கோடு எந்த வழியாகச் செல்கிறது?

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் சென்னையையும் பாரிஸையும் அளவுகோலால் இணைத்தால், அந்தக் கோடு அரபிக்கடலையும் அரேபியாவையும் கடந்து மத்தியதரைக்கடல் பக்கமாகச் செல்வதுபோல் தெரியும். உண்மையான குறுகிய பாதை அதற்கு வெகு வடக்கே வளைகிறது. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட சரியாக வடமேற்குத் திசையில் கிளம்பும் பெருவட்டப் பாதை, கால்வாசித் தூரத்தில் கராச்சிக்குச் சற்று வடக்கே செல்கிறது. சரிபாதியில் ஈரானின் வட எல்லையில், காஸ்பியன் கடலின் தென்கரையைத் தொடுகிறது. முக்கால்வாசியில் டான்யூப் ஆறு கருங்கடலில் கலக்கும் பகுதிக்கு அருகே செல்கிறது. வரைபடக் கோட்டின் வழியே ஒரே திசைமுகத்தில் பறந்தால் தூரம் 8,220 கிலோமீட்டர் ஆகிவிடும். வளைந்ததாகத் தோன்றும் பாதையே 200 கிலோமீட்டர் குறைவு.

இந்த வளைவைத் தெரிந்துகொள்வது வெறும் புவியியல் ஆர்வத்துக்காக அல்ல. பாதை எந்த நாடுகளின் மேலே செல்கிறது என்பது தெரிந்தால்தான், நாளிதழில் வரும் வான்வெளிச் செய்திகள் நம் டிக்கெட்டை எப்படித் தொடுகின்றன என்பது புரியும். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஈரானின் வான்வெளி சில காலம் மூடப்பட்டதுடன், கத்தாரும் தன் வான்வெளியைச் சில மணிநேரம் மூடியது. இவற்றில் ஏதேனும் ஒன்று நேரும்போது விமானங்கள் தெற்கே ஓமான், சவூதி அரேபியா, எகிப்து வழியாகவோ வேறு வழியாகவோ சுற்ற வேண்டியுள்ளது. ஆகவே கணக்கிட்ட தூரத்துடன் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை கூட்டிக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். குறிப்பிட்ட விமானம் கடந்த வாரம் உண்மையில் எந்த வழியில் பறந்தது என்பதை விமானங்களைப் பின்தொடரும் செயலிகளில் பார்த்துவிடலாம். எந்தச் சூத்திரத்தையும்விட அது நம்பகமானது.

நான்காம் படி: எந்த ஊரில் மாறினால் எவ்வளவு கூடுகிறது?

ஒரே விமானத்தில் செல்ல வாய்ப்பில்லாதபோது இடையில் ஓரிடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். இரு துண்டுகளின் தூரத்தையும் தனித்தனியே மேற்சொன்ன முறையில் கணக்கிட்டுக் கூட்டினால், சுற்றுவழியின் விலை தெரிந்துவிடும். துபாய் வழியாகச் சென்றால் முதல் துண்டு 2,930 கிலோமீட்டர், இரண்டாவது 5,240 கிலோமீட்டர், மொத்தம் 8,170. அதாவது நேர்பாதையைவிட 150 கிலோமீட்டர் மட்டுமே கூடுதல்; வானில் பத்து நிமிடம்! தோஹா வழியாகச் சுமார் 8,260, தில்லி வழியாகச் சுமார் 8,320, லண்டன் வரை சென்று திரும்பினால் சுமார் 8,580 கிலோமீட்டர் ஆகிறது. வியப்பளிப்பது ஃபிராங்க்ஃபர்ட்தான்: அது நேர்பாதைக்கு மிக அருகில் இருப்பதால் வெறும் 20 கிலோமீட்டரை ஒட்டித்தான் கூடுகிறது. சில நேரங்களில் விலை மலிவாகக் காட்டப்படும் சிங்கப்பூர் வழி 13,650 கிலோமீட்டர். கிழக்கே போய்விட்டு மேற்கே திரும்பும் அந்த டிக்கெட்டைப் பணத்துக்காக மட்டும் எடுப்பது, வயதானவர்களை அழைத்துச் செல்வோருக்கு நான் பரிந்துரைக்கக்கூடியதல்ல.

புதுச்சேரிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இன்னொன்று உண்டு. லாஸ்பேட்டை ஓடுபாதையிலிருந்து ஷார்ல் தெ கோலுக்கு நேர்த்தூரம் சுமார் 8,080 கிலோமீட்டர். லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூரு 265 கிலோமீட்டர், பெங்களூருவிலிருந்து பாரிஸ் 7,825 கிலோமீட்டர், மொத்தம் 8,090. பெங்களூரு கிட்டத்தட்ட நம் நேர்கோட்டின் மேலேயே அமைந்திருக்கிறது என்பதே இதன் பொருள். பாரிஸுக்கு நேரடி விமானமும் பெங்களூருவிலிருந்து இயங்கி வந்திருக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமே உள்ள லாஸ்பேட்டை ஓடுபாதையில் ஏ.டி.ஆர். போன்ற சிறிய விசிறி விமானங்கள்தாம் இறங்க முடியும் என்பதால் சேவைகள் குறைவு. 2024 டிசம்பரில் பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் மீண்டும் விமானங்கள் தொடங்கப்பட்டன. தூரத்தில் மிகச் சிறந்த இந்த வழியில் ஒரு கண்ணி இருக்கிறது: இரு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இல்லையென்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ, இரண்டாவது நிறுவனத்துக்கு நம்மைக் காத்திருந்து ஏற்றிச் செல்லும் பொறுப்பு எதுவும் கிடையாது. தனித்தனி டிக்கெட் என்றால் இடையில் அரைநாளாவது விட வேண்டும். அவ்வளவு நேரம் விட்டால் இந்த வழியின் ஆதாயமே போய்விடுகிறது.

ஐந்தாம் படி: தூரத்தை நேரமாக்குதல்

நீண்டதூர விமானம் 35,000 அடி உயரத்தில் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தை ஒட்டிப் பறக்கிறது. அந்த உயரத்தின் குளிரில் அது மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். ஆனால் இது காற்றைப் பொறுத்த வேகமே தவிர தரையைப் பொறுத்ததல்ல. நடு அட்சரேகைகளில், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, பாரிஸ் செல்லும்போது எதிர்காற்றாகவும் திரும்பும்போது பின்காற்றாகவும் அமைகிறது. குளிர்காலத்தில் இது வட இந்தியா, ஈரான் மேலே வலுவாக இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே இதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் உருவாகிறது. அந்த மாதங்களில் மேற்கே செல்லும் விமானத்துக்குப் பயணத்தின் தொடக்கத்தில் அது சிறிது கைகொடுக்கும்.

எளிய மதிப்பீட்டுக்கு, மேற்கு நோக்கிச் செல்லும்போது மணிக்கு 840 கிலோமீட்டர், கிழக்கு நோக்கி 950 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வான்தூரத்துடன் ஆறு சதவீதம் கூட்டினால் 8,500 கிலோமீட்டர். அதை 840-ஆல் வகுத்தால் 10 மணி 7 நிமிடம். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லுதல், ஏறுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கு அரைமணி சேர்த்தால் பத்தரை மணியைச் சற்றே தாண்டும். திரும்பும் வழியில் இதே கணக்கு ஒன்பதரை மணியில் நிற்கும். சென்னையிலிருந்து ரெயூனியனுக்கு உள்ள 4,630 கிலோமீட்டருக்குப் பெரும்பாலும் தென்மேற்காகச் செல்வதால், போக வர உள்ள நேர வித்தியாசம் இவ்வளவு இருக்காது.

ஆறாம் படி: இரு கடிகாரங்கள்

டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரமும் வருகை நேரமும் அந்தந்த ஊரின் நேரங்கள். இரண்டையும் அப்படியே கழித்துப் பயண நேரம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. பிரான்ஸ் குளிர்காலத்தில் ஒரு மணியும் கோடையில் இரண்டு மணியும் முன்னே இருக்கிறது. ஆகவே நமக்கும் பாரிஸுக்கும் இடையே குளிர்காலத்தில் நாலரை மணியும், கோடையில் மூன்றரை மணியும் வித்தியாசம். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். 2026-இல் அவை மார்ச் 29, அக்டோபர் 25. பல ஆண்டுகள் இங்கிருந்து போய்வருபவர்களும் அந்த இரு வாரங்களில் உறவினரைத் தவறான நேரத்தில் விமான நிலையத்துக்கு வரச் சொல்லிவிடுவதுண்டு.

எல்லா நேரங்களையும் முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கழிப்பதே குழப்பமில்லாத வழி. உதாரணமாக, குளிர்காலத்தில் பாரிஸில் இரவு 9.30 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 11.45 மணிக்குச் சென்னை சேரும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரவு 9.30 என்பது இந்திய நேரப்படி நள்ளிரவைத் தாண்டிய 2.00 மணி. எனவே பறக்கும் நேரம் 9 மணி 45 நிமிடம். டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது பதினான்கே கால் மணியாகத் தெரியும்.

தேதியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் பல அதிகாலையில் கிளம்புகின்றன. டிக்கெட்டில் ஞாயிறு 4.00 மணி என்றிருந்தால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது சனிக்கிழமை இரவு. ஞாயிறு இரவு பெட்டியோடு போய் நின்றவர்கள் உண்டு. அந்த டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் போனது போனதுதான்.

ஏழாம் படி: வாசலிலிருந்து வாசலுக்கு

இப்போது முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள நேரங்கள் எந்த நிறுவனத்தின் அட்டவணையும் அல்ல, கணக்குக்காக வைத்துக்கொண்டவை. குளிர்காலத்தில் ஞாயிறு அதிகாலை 4.00 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு, துபாயை உள்ளூர் நேரம் 6.45-க்கு அடைகிறோம். நமக்கும் துபாய்க்கும் ஒன்றரை மணி வித்தியாசம் என்பதால் இது இந்திய நேரம் 8.15, பறந்தது நாலே கால் மணி. ஒன்றே முக்கால் மணி காத்திருந்து 8.30-க்குக் கிளம்பி, ஏழே கால் மணி பறந்து, பாரிஸ் நேரம் பகல் 12.45-க்கு இறங்குகிறோம். இந்திய நேரப்படி அது மாலை 5.15. ஆக விமான டிக்கெட்டின்படி பயணம் 13 மணி 15 நிமிடம்.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது இரவு 1.00 மணிக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக விமான நிலையம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். காரில் மூன்று முதல் மூன்றரை மணி ஆகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், மாமல்லபுரம் வழியாகவும் போகலாம். பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பும் கூட்டம் பரனூர் சுங்கச்சாவடியில் தேங்கும் நாட்களில் இந்த இரண்டாம் வழி நிம்மதி தரும். எதிர்பாராததற்கு அரைமணி விட்டு, இரவு 9.00 மணிக்குக் கிளம்பினால் போதும், கடலூர்க்காரர்கள் 8.00 மணிக்கே கிளம்பிவிட வேண்டும்.

பேருந்தில் வருவோர் திண்டிவனம் வழிப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுவதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கிருந்து விமான நிலையத்துக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். பெட்டிகள் குறைவாக இருப்பின் ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம். மின்சார ரயில் நள்ளிரவுக்குப் பின் ஓடாது என்பதால் முன்கூட்டியே சேர்ந்துவிட வேண்டும்.

பாரிஸில் இறங்கிய பிறகு குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டி வந்து சேர்வதற்கும் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஐரோப்பியர் வரிசையில் விரைவாக வெளியேறிவிடுவார்கள். இந்திய பாஸ்போர்ட்டுடன் வருவோருக்கு, 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய முறையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யப்படுவதால், ஒரே குடும்பத்தில் இரு வகைப் பாஸ்போர்ட் இருந்தால் வெளியே சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவைப்பது நல்லது. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வந்தால் இந்தச் சோதனை பாரிஸில் அல்லாமல் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நடந்துவிடும். ஆகவே அங்கே ஒரு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட் பார்க்க அழகாக இருந்தாலும், இந்திய பாஸ்போர்ட்காரர் இரண்டரை மணிக்குக் குறையாத இடைவெளியைத் தேடுவதே பாதுகாப்பு. விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் அரைமணியை ஒட்டிய நேரத்தில் கார் து நோர் நிலையத்தில் இறக்கிவிடும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் அங்கிருந்து நடந்து போகும் தூரம்.

வீட்டிலிருந்து கிளம்பிய இரவு 9.00 மணி முதல் உறவினர் வீட்டு வாசலை அடையும் இந்திய நேரம் மாலை 7.15 வரை கூட்டினால் 22 மணியைத் தாண்டுகிறது. இதில் வானில் இருந்தது பதினொன்றரை மணி மட்டுமே. துபாய்க் காத்திருப்பு ஒன்றே முக்கால் மணிக்குப் பதில் ஏழு மணியாகும் டிக்கெட்டை நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று எடுத்தால், பாதை ஒரு கிலோமீட்டரும் கூடாமலேயே பயணம் ஐந்தே கால் மணி நீள்கிறது. நேர்பாதைக்கும் துபாய்ப் பாதைக்கும் உள்ள தூர வித்தியாசம் தின்னும் பத்து நிமிடத்தோடு ஒப்பிட்டால் எது கனமானது என்பது தெரியும். குழந்தைகளோ முதியவர்களோ உடன் வரும்போது, இரண்டு முதல் நான்கு மணி வரையான இடைவெளியைத் தேர்ந்து, அதற்குக் கீழும் மேலும் உள்ளவற்றை ஒதுக்கிவிடலாம்.

திரும்பும் பயணத்துக்கு இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும், ஆனால் இரு மாற்றங்களுடன். பின்காற்றால் ஒரு மணி வரை குறையும். கடிகாரம் முன்னே நகர்வதால் சேரும் தேதி பெரும்பாலும் மறுநாளாக இருக்கும். காலையில் மீனம்பாக்கத்தில் இறங்குபவரை அழைத்துச் செல்லப் புதுச்சேரியிலிருந்து வண்டி அனுப்புவோர், விமானம் தரைதொடும் நேரத்துக்குப் பிறகு ஒன்றரை மணி கழித்தே பயணி வெளியே வருவார் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டால், நிறுத்துமிடக் கட்டணம் வீணாவதைத் தவிர்க்கலாம்.